நாடு கடத்தும் உத்தரவும் 14 நாள் கெடுவும்

லண்டனில் நாடு கடத்தல் வழக்குகளை, அதாவது வேறொரு நாடு கேட்கும் நபரை அதனிடம் ஒப்படைக்கும் வழக்குகளை, நடத்திவரும் எனக்கு, "உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், இனி என்ன செய்ய முடியும்?" என்று கலங்கிக் கேட்கும் உறவினர்களின் அழைப்புகள் அடிக்கடி வருகின்றன. செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது, நாட்கள்தான் குறைவு.

இந்தியா கோரும் வழக்குகளில், வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரித்து அனுப்பியதை ஏற்று அமைச்சர் உத்தரவிட்டால், அது உரியவருக்குத் தெரிவிக்கப்பட்ட நாள் முதல் 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கோர வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டம். தெரிவிக்கப்பட்ட நாளும் கணக்கில் சேரும் என்பதால், 3ஆம் தேதி தகவல் கிடைத்தவருக்கு 16ஆம் தேதியோடு கெடு முடிந்துவிடும். இந்தக் கெடுவை நீட்டிக்கவே முடியாது என்று 2009இல், அப்போது நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. அந்தக் கடுமையை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தணித்தது: விரைந்து மனு செய்யத் தம்மால் இயன்ற அனைத்தையும் ஒருவர் செய்திருந்தால், தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி மனுவை ஒதுக்க முடியாது. ஆனால் வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யாருக்கு எப்போது எழுதினார், சிறை அதிகாரியிடம் படிவத்தை எந்த நாளில் கொடுத்தார் என்பதற்கெல்லாம் சான்று வேண்டும்.

மேல்முறையீடு மறுவிசாரணை ஆகாது. கீழ் நீதிபதி வேறு முடிவெடுத்து விடுவித்திருக்க வேண்டும் என்றோ, அப்போது கிடைத்திராத சான்று முடிவையே மாற்றியிருக்கும் என்றோ நிறுவ வேண்டும். ஆகவே மருத்துவ அறிக்கை, சிறை நிலைமை குறித்த நிபுணர் அறிக்கை ஆகியவற்றை முதல் விசாரணையிலேயே வைத்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வங்கி மோசடி வழக்கில் இந்தியா கோரிய வைர வியாபாரி நீரவ் மோடிக்கு எழுத்து மனுவில் மறுக்கப்பட்ட மேல்முறையீட்டு அனுமதி, நேரடி விசாரணைக்குப் பின் 2021 ஆகஸ்டில் கிடைத்தது. எனினும் 2022 நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. மாறாக, திகார் சிறையில் மிரட்டிப் பணம் பறிக்கப்படும் அபாயம் உள்ளிட்ட காரணங்களால், இந்தியா கோரிய ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியின் மேல்முறையீடு 2025 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. உயர் நீதிமன்றத்திலும் தோற்றால், பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டப் பிரச்சினை இருப்பதாக உயர் நீதிமன்றம் சான்றளித்தால் மட்டுமே உச்ச நீதிமன்றத்தை அணுக முடியும்.

காவலில் இருக்கும் அலுப்பில் சிலர் நாடு கடத்தலுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு விடுகிறார்கள். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. நீதிபதியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் அத்துடன் போய்விடும். கையெழுத்திடுமுன் நீதிமன்றத்திலேயே இருக்கும் டியூட்டி சொலிசிட்டரிடம் (அன்றைய முறை வழக்கறிஞரிடம்) பேசுங்கள்.