குவெட்சால்டெனாங்கோவும் இல்லை, எக்ஸெலாவும் இல்லை

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில், ஏறக்குறைய 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்தைத் தமிழில் எங்கே பார்த்தாலும் 'குவெட்சால்டெனாங்கோ' என்றுதான் எழுதுகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அண்மையில் படித்த ஒரு பயணக் கட்டுரையில் முதல் பத்தியில் குவெட்சால்டெனாங்கோவில் இறங்கியவர் மூன்றாம் பத்தியில் 'எக்ஸெலா'வில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், நடுவில் பஸ் ஏறியதாகத் தகவலே இல்லை. இரண்டும் ஒரே ஊர்தான் என்பது மொழிபெயர்த்தவருக்கும் தெரியவில்லை, பிழை பார்த்தவருக்கும் தெரியவில்லை.

பெயர்க்காரணம் சுருக்கமாக. 1524இல் ஸ்பானியப் படைத்தலைவன் பெத்ரோ தெ அல்வராதோ இந்த மலைநாட்டைப் பிடிக்க வந்தபோது மெக்சிகோவிலிருந்து நாவாத்தல் பேசும் கூட்டாளிப் படைகளும் கூட வந்தன. வழியிலுள்ள ஊர்களை அவர்கள் தங்கள் மொழியில் எப்படிக் குறிப்பிட்டார்களோ அதுவே ஸ்பானியர் ஏடுகளில் ஏறிவிட்டது. 'கெட்சல்லி' என்றால் நீண்ட பச்சைத் தோகை, 'தெனாமித்ல்' என்றால் மதில், கடைசியில் ஒட்டுவது நம் 'இல்' போல இடத்தைச் சொல்லும் உருபு. சிமால்தெனாங்கோ, மசாதெனாங்கோ எல்லாம் இதே அச்சு. அங்கே வாழும் மாயா இனத்தவரான கிச்சே மக்கள் வைத்த பெயர் வேறு: ஷேலாஹூஹ் நோஹ். 'ஷே' என்றால் கீழே, 'லாஹூஹ்' என்றால் பத்து, 'நோஹ்' மாயா நாட்காட்டியின் இருபது நாட்பெயர்களில் ஒன்று. அந்தப் பத்து என்பது சுற்றியுள்ள மலைகள் என்று விளக்கம் சொல்வார்கள். இந்தப் பெயரைப் பாதியில் வெட்டியதுதான் ஷேலா. பத்து என்ற சொல் நடுவிலேயே முறிந்து நிற்கிறது, ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பஸ் கிளீனர் கதவில் தொங்கிக்கொண்டு கூவுவது "ஷேலா, ஷேலா, ஷேலா" என்றுதான். முழுப்பெயர் அரசாங்கக் காகிதத்துக்கு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் முதல் தடவை முழுப்பெயரைப் போட்டுவிட்டு அப்புறம் ஷேலாவுக்கு மாறிவிடுகிறார்கள், ஸ்பானிய மொழி கற்க அங்கே போய்த் தங்கும் வெளிநாட்டவர்களால் பரவிய பழக்கம் அது.

சரி, 'குவெ' எங்கிருந்து வந்தது? ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்தது. ஸ்பானியத்தில் அந்த இடத்தில் வரும் 'உ' ஒலிக்காது, முன்னால் உள்ள எழுத்தைக் ககரமாக வைத்திருக்க மட்டுமே நிற்கிறது. "குவாத்தமாலாவில் மட்டும் 'கு' வருகிறதே?" என்று உடனே கேட்பார்கள். அங்கே பின்னால் வருவது அகரம், அதனால் உகரம் ஒலிக்கிறது. இங்கே பின்னால் எகரம், ஒலிக்காது. இதே கதையில்தான் அந்த நாட்டுப் பணம் தமிழில் 'குவெட்சல்' ஆனது, கிச்சே மொழி 'குவிச்சே' ஆனது, எக்குவடோரின் கீட்டோ 'குயிட்டோ' ஆனது. மளிகைக் கடையில் மஸ்கிட்டோ காயில் கேட்கிறோமே, அதுவும் ஸ்பானியச் சொல்தான், அதை யாரும் 'மஸ்குவிட்டோ' என்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணத்துக்குப் பெயர் தந்த நீண்ட தோகைப் பறவை கெட்சலுக்கு ஆங்கில அகராதிகளே பெரும்பாலும் 'கெ' என்றுதான் ஒலிப்புக் காட்டுகின்றன. ஆக இது ஆங்கிலேயர் செய்த பிழைகூட இல்லை, நாமே உட்கார்ந்து செய்தது.

அடுத்தது டகரம். ஸ்பானிய 'த' பல்லில் நாக்குப் படும் ஒலி, நம் தகரத்துக்கு அச்சு அசல். கையில் தகரத்தை வைத்துக்கொண்டு 'டெனாங்கோ' என்று எழுதுவானேன்? 'ல்த' தமிழ் மெய்ம்மயக்கத்தில் வராது என்று ஒருவர் இலக்கணம் காட்டினார். 'ல்ட' மட்டும் வருமா? சுல்தானை ஏற்றுக்கொண்ட மொழிக்கு இது பெரிய பாரமில்லை. 'ட்ச' பற்றிய கவலையே வேண்டாம், காட்சி, மாட்சி, கட்சி என்று வழக்கமாகப் புழங்குவதுதான். ஆகவே கெட்சல்தெனாங்கோ.

இதையெல்லாம் விட எரிச்சலூட்டுவது தனித்தமிழ் ஆர்வத்தில் 'மரகதப்புள்ளூர்' என்று மொழிபெயர்க்கும் வேலை. தனித்தமிழில் எனக்குப் பகை இல்லை, பேருந்தும் மின்னஞ்சலும் அப்படித்தான் கிடைத்தன. ஆனால் அவை பொருள்களின் பெயர்கள், இது ஓர் ஊரின் பெயர். புவெனஸ் ஐரிஸை 'நற்காற்றூர்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? வரைபடத்தில் எப்படித் தேடுவார்கள்? போகட்டும், பொருளாவது சரியா என்றால் அதுவும் இல்லை. மூலச்சொல்லின் முதற்பொருள் தோகை, பறவைக்கு அந்தப் பெயர் வந்ததே தோகையால்தான். 'தெனாங்கோ'வில் இருப்பது மதில், வெறும் ஊர் இல்லை. பெயர்த்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர் 'தோகைமதில்' என்றாவது பெயர்த்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, எந்தப் பெயரைப் பெயர்ப்பது? படையோடு வந்தவர்கள் இட்ட நாவாத்தல் பெயரையா, மண்ணின் மக்கள் வைத்த கிச்சே பெயரையா? இரண்டாவது என்றால் ஊர் 'பத்தின்கீழ்' ஆகிவிடும். இந்த ஆர்வலர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன்பே சொல்லாக்கத்தை முடித்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

கடைசியாக 'ஷ'. கிரந்தம் வேண்டாம் என்றால் 'சேலா' என்று எழுத வேண்டிவரும், பாதிப் பேர் அதைப் புடவையோடு சேர்த்துப் படிப்பார்கள். ஸ்பானிய எழுத்தில் ஷேலா 'எக்ஸ்' என்ற எழுத்தில் தொடங்கும், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத்தில் அந்த எழுத்துக்கு 'ஷ' ஒலிதான். பின்னால் ஸ்பானியத்தில் அது ஹகரமாக மாறியது, மாயா மொழிப் பெயர்களில் மாறாமல் நின்றுவிட்டது. இந்தப் பெயரில் 'எக்ஸ்' என்ற ஒலிப்புக்கு எந்தக் காலத்திலும் இடமில்லை. நான் ஷேலா என்றே எழுதுவேன், முதல் இடத்தில் மட்டும் 'கெட்சல்தெனாங்கோ என்ற ஷேலா'.

இதே மலைநாட்டின் காபி இப்போது நம் ஊர்க் கடைப் பட்டியல்களிலும் வருகிறது. ஒன்றில் அங்குள்ள இன்னோர் ஊரின் பெயரை 'ஹுயூஹுயூடெனாங்கோ' என்று அச்சடித்திருந்தார்கள். வேவேதெனாங்கோ, அய்யா. அங்கே பஸ்ஸில் வெறும் வேவே என்றாலே டிக்கெட் கிழித்துவிடுவார்கள்.