துவர்நீர் ஆறு

கருமையாகத் தெரியும் ஒரு வகை ஆற்றுக்கு ஆங்கிலத்தில் 'பிளாக்வாட்டர் ரிவர்' என்று பெயர். அதை அப்படியே பெயர்த்தால் 'கருநீர் ஆறு'. எனக்கு அது ஒட்டவில்லை. கழிப்பறைக் கழிவுநீருக்கும் ஆங்கிலத்தில் பிளாக்வாட்டர் என்றுதான் பெயர். அது போகட்டும், இந்த வகை ஆற்றுத் தண்ணீர் உண்மையில் கறுப்பே இல்லை. ஆழமான மடுவில் மை போலத் தெரியும். கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் பால் விடாத டீ! கலங்கலும் இருக்காது.

டீக்கு நிறம் வருகிற அதே வழிதான் இதற்கும். சதுப்பு நிலத்தில் மெதுவாக ஊர்ந்து போகிற நீரில் இலையும் பட்டையும் ஊறி, டானின் என்ற தாவரப் பொருள் முதலானவை இறங்குகின்றன. மணற்பாங்கான நிலம் என்பதால் வண்டல் குறைவு. சாயம் தெளிவாக நிற்கிறது.

டானினின் சுவை துவர்ப்பு. தமிழில் 'துவர்' சுவைக்கு மட்டுமல்ல, செந்நிறத்துக்கும் பெயர்: துவரிதழ், துறவிகளின் துவராடை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தல் நீராட்டுக்குப் 'பத்துத் துவர்', அதாவது பத்து வகைத் துவர்ப்புப் பொருள்கள், ஊறிய நீர் வருகிறது. நிறம், சுவை, ஊறல் மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது 'துவர்நீர்' என்றே சொல்லலாமே.

சரி, ஓர் ஆற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் வட கரோலினாவில் மணற்குன்றுப் பகுதியில் தொடங்கி, சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்புகளைச் சுற்றி வளைந்து, லம்பர்ட்டன், ஃபேர் பிளஃப் ஊர்களைத் தொட்டு, தென் கரோலினாவுக்குள் நுழைந்து லிட்டில் பீ டீ ஆற்றில் கலக்கிறது லம்பர் ஆறு. பழைய பெயர் 'டிரௌனிங் கிரீக்', அதாவது ஆளை மூழ்கடிக்கும் ஓடை. மேல்பகுதிக்கு இன்றும் அதுதான் பெயர். மரங்களை வெட்டி, ஆற்றிலேயே மிதக்கவிட்டு ஜார்ஜ்டவுன் துறைமுகம் வரை கொண்டுபோனார்கள். 1809-இல் மாநிலச் சட்டமன்றம் 'லம்பர்' என்று மாற்றியது. லம்பர் என்றால் அங்கே அறுத்த மரம். பழைய ஆங்கிலப் பொருளில் அது தட்டுமுட்டுச் சாமான். அந்தக் கணக்கில் இது தட்டுமுட்டு ஆறு!

இரண்டு பெயரிலும் தண்ணீரின் நிறம் இல்லை. கரையோரப் பூர்வகுடி மக்கள் ஆற்றை ஒட்டியே 'லம்பீ' என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். 1953-இல் மாநிலம் அதை ஏற்றது. லம்பீ என்றால் முன்னோர் மொழியில் 'கரிய நீர்' என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் பேச்சு.