நெஞ்சுச்சளிக்குப் பனி மட்டுமா காரணம்?

மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் வருவார். இடுப்பில் நான்கு வயது மகன், தோளில் ஒரு பை. பைக்குள் கிளினிக் கொப்பியும், ஒவ்வொரு தடவை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதும் வாட்டில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டுகளும். ஒரே வருடத்தில் ஐந்து கார்ட். ஐந்திலும் காய்ச்சல், நெஞ்சுச்சளி. மாரியில் வந்தால் பனி என்பார். ஆடியில் வந்தால் கச்சான் காற்றுப் புழுதி என்பார்.

பிள்ளைக்குச் செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் அழாத பிள்ளை. சிலருக்குக் குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணம் வேறாக இருக்கும். மூளையில் அப்போது பட்ட சேதம் பிறகு கூடுவதில்லை. ஆனால் பாதிப்பு கை கால்களோடு நிற்பதுமில்லை. நாக்கு, தாடை, தொண்டை எல்லாவற்றையும் அசைப்பது தசைதானே. நான் பேச்சுச் சிகிச்சை செய்பவள். “மிஸ் பேச்சுக்குத்தானே, சாப்பாட்டைப் பற்றி ஏன் கேட்கிறீங்க?” என்று என்னிடம் கேட்காத தாய் குறைவு. பேசுகிற நாக்குத்தான் விழுங்கவும் வேண்டும்.

“வீட்டில குடுக்கிற மாதிரியே இங்க ஒருக்கா குடுத்துக் காட்டுங்க அம்மா” என்றேன். மகனை மடியில் மல்லாக்கக் கிடத்தினார். தலை பின்னால் தொங்கியது. சோற்றில் சொதியைத் தண்ணீராக விட்டு ஊட்டினார். மூன்றாவது கரண்டியில் பிள்ளையின் கண் கலங்கியது. இருமவில்லை. “இவன் இருமவே மாட்டான் மிஸ், நல்லா முழுங்குவான்” என்றார். கொஞ்ச நேரத்தில் மூச்சோடு சேர்ந்து தொண்டையில் ஒரு களகளப்புச் சத்தம்.

இருமாததுதான் பயம். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சில பிள்ளைகளுக்கு இருமல் வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்ச் சேரும், பிறகு காய்ச்சலாக வெளியே தெரியும். கண் கலங்குவது, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கேட்பது, மூச்சு வேகமாவது, ஒரு நேரச் சாப்பாடு அரை மணித்தியாலம் தாண்டி இழுபடுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

தலையை நன்றாக அண்ணாந்து வைத்து உங்கள் எச்சிலை விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம்? அந்தப் பிள்ளை மூன்று வேளையும் அப்படித்தான் விழுங்கியது.

சுவர் மூலையில் ஒரு சின்னக் கதிரை, இரண்டு பக்கமும் சுருட்டிய துவாய், காலுக்கு ஒரு பலகை. நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றே கீழே வைத்தோம். சொதிக்குப் பதில் பருப்போடு மசித்த சோறு, தேக்கரண்டியில் பாதி. ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடுவதில்லை. தண்ணீர், தேத்தண்ணீர் போன்றவை தொண்டையில் வேகமாக ஓடுவதால் அவைதான் இவனுக்கு அதிகம் தடுமாற்றம். எல்லாப் பிள்ளைக்கும் இதே அளவு பொருந்தாது. சிலருக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு கொடுக்கும் குழாய்தான் பாதுகாப்பு. அதைத் தோல்வி என்று நினைத்து அழும் தாய்மாரோடு நான் நிறைய நேரம் இருந்திருக்கிறேன்.

அப்புறம், பல் விளக்குவது. வாயில் கிருமி மலிந்தால் உள்ளே இறங்கும் எச்சிலே போதும், சளி பிடிக்க.

அதற்குப் பிறகு பையில் சேர்ந்தது ஒரே ஒரு கார்ட். அதுவும் சளிக்கு இல்லை, வலிப்புக்கு. வலிப்பு மருந்து முடிந்த அன்று மழை, கிளினிக்குக்கு வர முடியவில்லையாம். இப்போது குளிசை ஒரு கிழமைக்கு மிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறார்.