பாலிடெக்னிக் என்றால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

பிளஸ் டூ முடிவு வெளியானதும் என் மேசைக்கு எதிரே வந்து அமரும் பெற்றோரில் பெரும்பாலோர், பிள்ளையின் விருப்பத்தைச் சொல்வதற்கு முன் கட் ஆஃப் மதிப்பெண்ணைத்தான் சொல்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியொன்றில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராக இருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. ஆனால், சென்ற வாரம் என்னைத் தேடி வந்த பழைய மாணவனைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளச்சல் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன். பத்தாம் வகுப்பிலேயே வள்ளத்து இன்ஜினைக் கழற்றி, கார்புரேட்டரைத் துடைத்து, திரும்ப மாட்டி ஓடவிடுவான். டிப்ளமோ மெக்கானிக்கல் சேருங்கள் என்றேன். "பிளஸ் டூ பாஸான பயல பாலிடெக்னிக்குக்கு விட்டா ஊர்ல என்ன சார் சொல்லுவாவ?" என்றார் தகப்பனார். நகையை அடகு வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் 11 அரியர், படிப்பு நின்றுவிட்டது.

பாலிடெக்னிக் போனால் பட்டம் கைநழுவிவிடும் என்ற எண்ணத்தை எத்தனை முறை மறுப்பது? பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கெனத் தனிக் கலந்தாய்வே நடக்கிறது. ஆக 2 ஆண்டு டிப்ளமோ, 3 ஆண்டு பி.இ.: நேரடியாகப் பி.இ. படிப்பவரைவிட ஓராண்டுதான் கூடுதல், இடையில் வேலைக்குப் போகத்தக்க சான்றிதழும் கையில் இருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அலைச்சலும் இல்லை. நாகர்கோவில் கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு நாள் பிள்ளையோடு அங்கே போய், பணிமனையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முன்பணம் கேட்டு வீடு தேடி வரும் இடைத்தரகரிடம் அசல் மதிப்பெண் பட்டியலை மட்டும் தயவுசெய்து ஒப்படைக்காதீர்கள். கல்லூரியே கேட்டாலும் சரிபார்த்த பிறகு உடனே திரும்ப வாங்கிவிடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்வதை ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள் தடைசெய்கின்றன.

அந்தப் பையனின் அசல் மதிப்பெண் பட்டியல் இன்னும் கல்லூரியில்தான் இருக்கிறது. மீதிக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்களாம். விதியின் நகலை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை தகப்பனாரோடு நானும் போகிறேன்.