படகுக்கு எதற்குக் காது?

டச்சுக் கடல் ஓவியங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "படகின் இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி ஒரு பலகை தொங்குகிறதே, அது எதற்கு?"

அது அலங்காரம் இல்லை. டச்சுக்காரர்கள் அதை 'ஸ்வார்ட்' என்பார்கள். வாள் என்று பொருள்.

நெதர்லாந்தின் கடலோரம் ஆழம் குறைந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்கள் தொலைவில் டெக்ஸல் தீவருகே நங்கூரம் போட்டு நிற்கும். ஆம்ஸ்டர்டாமை நெருங்கினால் பாம்பஸ் மணல்திட்டு வழிமறிக்கும். அதனால் சரக்கை ஏற்றி இறக்கும் அன்றாட வேலை தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளுடையது. கடல் வற்றினாலும் அவை சேற்றில் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் ஒரு சிக்கல். பக்கவாட்டுக் காற்று பாயில் படும்போது படகை முன்னாலும் தள்ளும், பக்கத்திலும் தள்ளும். பள்ளியில் படித்த விசைப் பிரிப்புதான். ஆழமான அடிக்கட்டை உள்ள கப்பல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தட்டைப் படகோ தாம்பாளம் போலப் பக்கவாட்டில் வழுக்கிவிடும்.

இங்கேதான் அந்தப் பலகை வருகிறது. காற்று இடப்பக்கமிருந்து அடித்தால் வலப்பக்கப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். ஏன் வலது? படகு வலப்பக்கம் நழுவப் பார்க்கிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பலகையைப் படகின் உடம்போடு சேர்த்து அழுத்துகிறது. காற்று வலுக்க வலுக்க, பலகை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்! மேலே ஒரே இடத்தில் மாட்டியிருந்தாலே போதும். மாற்றி இடப்பக்கத்தை இறக்கினால் அதே தண்ணீர் பலகையை வெளிப்பக்கம் தள்ளிப் பிய்த்தெறியப் பார்க்கும். எந்த விசை படகை நகர்த்தப் பார்க்கிறதோ, அதுவே பலகையையும் இறுக்கிப் பிடிக்கிறது. இதை முதலில் யோசித்த தச்சரை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அப்புறம், பலகை தரை தட்டினால் பின்பக்கமாகச் சுழன்று மேலேறிவிடும், உடையாது. படகைத் திருப்பும்போதெல்லாம் ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழமில்லாத உள்நாட்டு நீரில் ஓடும் படகுகளுக்கு அகலமான குட்டைப் பலகை, கடலுக்குப் போகிறவற்றுக்கு நீண்டு ஒடுங்கிய பலகை.

இதையெல்லாம் ஓவியத்தை நம்பிப் பேச முடிவதற்குக் காரணம் டச்சுக் கடல் ஓவியர்களான வான் டி வெல்டே குடும்பம். தந்தை வில்லெம், கடற்போர் நடக்கும்போதே படகில் போய்க் குறிப்போவியம் எடுத்தவர். அதே பெயர் கொண்ட மகன் வண்ணம் தீட்டினார். 1674இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் தந்தார். இப்படிக் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்கிறவர்களுக்கு அரசுப் பணம் போவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு படகு வழக்கொழிந்தபின் அதன் நுட்பத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

அடுத்த முறை அவர்கள் ஓவியம் ஒன்று கண்ணில் பட்டால், படகின் எந்தப் பக்கப் பலகை தண்ணீருக்குள் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பாய்மர உச்சியில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள்.