எடை நின்றுவிட்டதா? சோற்றில் கை வைப்பதற்கு முன்

"ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன்மா. இன்னும் எதை விடச் சொல்றீங்க?"

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து வரும் ஓர் அக்கா என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. வயது 52. நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறார். ஐந்து மாதத்தில் 78 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு இறங்கியிருந்தார். அதற்கப்புறம் ஆறு வாரமாக அதே 71. எடை பார்க்கும் கருவி கெட்டுவிட்டதோ என்று மகள் வீட்டுக்குப் போய் அங்கேயும் ஏறிப் பார்த்திருக்கிறார்.

உணவியல் நிபுணராக நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். நின்றதும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைப்போம், அதுவும் போதாவிட்டால் ஒரு வேளையை விட்டுவிடுவோம். அதைத்தான் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

78 கிலோ உடம்பைச் சுமந்து நடக்க ஆகும் சக்தி 71 கிலோவுக்கு ஆகாது. அந்த அக்காவின் உயரத்துக்கும் வயதுக்கும் கணக்குப் போட்டால், ஏழு கிலோ குறைந்ததில் அவர் உடம்பின் அன்றாடத் தேவையும் ஏறக்குறைய 100 கலோரி குறைந்திருக்கும். அதற்கு மேல் உடம்பு தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கிறது. கொழுப்பு கரையக் கரைய, 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆக, பசி கூடுகிறது, செலவு குறைகிறது. இது உங்கள் மன உறுதியின் குறை இல்லை. பஞ்ச காலத்தைத் தாண்டி வர உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது.

ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கியதோடு இப்போதைய எடையை ஒப்பிட்டு மனம் உடைபவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் இறங்குவதில் பெரும் பங்கு தண்ணீர். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் இருக்கும். அது தீரும்போது தண்ணீரும் போகும். அந்த வேகம் திரும்பி வராது. உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் இவற்றாலேயே எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அதனால் நான்கு வாரமாவது எடையோ இடுப்புச் சுற்றளவோ அசையாமல் இருந்தால்தான் அதைத் தேக்கம் என்பேன்.

சரி, அக்காவிடம் வருவோம். இரவில் தூக்கம் எப்படி என்று கேட்டேன். "மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். உடம்பெல்லாம் வேர்க்கும், கை நடுங்கும். ஒரு கோப்பை மைலோ கலக்கி நாலு பிஸ்கட் சாப்பிட்டாத்தான் அடங்கும்." பசி மயக்கம் என்று நினைத்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. அவர் சாப்பிடும் மாத்திரை கிளிபிசைட். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. இரவுச் சாப்பாட்டை விட்டவர் சாயங்கால மாத்திரையை விடவில்லை. நடுநிசியில் சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது. சாப்பிடாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த மைலோ திருப்பிக் கொடுத்துவிட்டது என்பது சின்ன விஷயம். தனியாகத் தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போயிருக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். அன்றே அவருடைய மருத்துவரை அழைத்துப் பேசினேன். மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு வேளையை விடாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்து எண்ணெய். அவர் வீட்டில் சமைப்பது பணிப்பெண். எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார் என்று அக்காவுக்குத் தெரியாது. நான் எல்லோரிடமும் சொல்லும் எளிய வழி, புதுப் போத்தலைத் திறக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வைப்பது. நான்கு பேர் வீட்டில் 2 லிட்டர் போத்தல் இரண்டு வாரத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 36 மில்லி, அதாவது கிட்டத்தட்ட 290 கலோரி எண்ணெயில் மட்டும். அதே போத்தல் மூன்று வாரம் வந்தால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி மிச்சமாகும். எடை இறங்கியதில் உடம்பின் தேவை குறைந்த அதே 100. ஒரு வாய் சோறு குறைக்காமல் கிடைக்கிறது.

தேநீரும் அப்படித்தான். ஆரம்பத்தில் 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாதது) கேட்டவர்கள் மூன்றாம் மாதம் 'தே சி கோசோங்' (பாலுண்டு, சீனி இல்லை) என்பார்கள், அப்புறம் 'சியூ தை' (சீனி குறைவு), ஐந்தாம் மாதம் பழையபடி கெட்டிப்பாலோடு தே தாரிக். யாரும் பொய் சொல்வதில்லை, கவனிப்பதில்லை, அவ்வளவுதான். 1992இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்றவர்களின் உண்மையான உணவை அளந்தார்கள். அவர்கள் எழுதித் தந்த அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிட 47 விழுக்காடு குறைவு. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் கோளாறு இல்லை. பேரப்பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை பரோட்டாவை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

கைப்பேசியில் 'ஹெல்தி 365' செயலி இருந்தால் பழைய நடை எண்ணிக்கையையும் பாருங்கள். குறைவாகச் சாப்பிடும்போது நமக்கே தெரியாமல் நாம் அதிகம் உட்காருவோம். அக்காவின் கணக்கில் நாளுக்கு ஒன்பதாயிரம் அடிகள் ஆறாயிரமாகியிருந்தன.

நான் மிகவும் கவலைப்படுவது தசையைப் பற்றி. சோற்றைக் குறைப்பவர்கள் அதோடு சேர்த்துப் பருப்பையும் மீனையும் குறைத்துவிடுகிறார்கள். காலையில் தோசை, மதியம் கொஞ்சம் சோறும் சாம்பாரும், இரவு வெறும் வயிறு என்றால் உடம்பு தசையை எடுத்துச் செலவு செய்யும். தசை குறைந்தால் அன்றாடச் செலவு இன்னும் குறையும், எடை இன்னும் பிடிவாதமாக நிற்கும். எடை குறைக்கும் காலத்தில் பொதுவாகக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு கரண்டி சாம்பாரில் அது கிடைக்காது. முட்டை, மீன், கோழி, தவ்குவா (கெட்டியான சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா), கெட்டிப் பருப்பு, தயிர் என்று ஒவ்வொரு வேளையும் தட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ள பலருக்கு அது சத்தமில்லாமல் இருக்கும்.

தசைக்கு வேலையும் வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது சிங்கப்பூர் வழிகாட்டி. நடையைச் செய்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். 1.5 லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தூக்குங்கள். புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சி மூலை இருக்கிறதே, அது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி பார்க்கும் பாதுகாவல் அதிகாரிகள் பலர் என்னிடம் வருகிறார்கள். 2010இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு உணவுதான், ஆனால் படுக்கையில் 8.5 மணி நேரத்துக்குப் பதில் 5.5 மணி நேரமே இருந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போனது. தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதிதான் அதிகம் போனது. பகலில் தூங்க வேண்டியவருக்கு வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, தடித்த திரைச்சீலையும் அமைதியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அசையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைப் பிடித்து வைக்கும்.

அக்கா இரவில் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு சப்பாத்தி, ஒரு துண்டு மீன், கை நிறையக் காய்கறி. மூன்று மாதத்தில் 71 கிலோ 69.5 ஆனது. அவருக்கு அது போதவில்லை, எனக்கு நிறைவாக இருந்தது. 78-இல் தொடங்கியவர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிட்டார். இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஐந்து விழுக்காடு குறைந்தாலே பலன் தெரியும். மூன்று மணிக்கு விழிப்பு வருவதில்லை என்றார்.

போன வாரம் வந்தபோது புரட்டாசி விரதத்தைப் பற்றிக் கேட்டார். ஒரு மாதம் மீனும் முட்டையும் கிடையாது. அந்த இடத்தை வழக்கமாக உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் பிடித்துக்கொள்ளும். எந்த நாள் தவ்குவா, எந்த நாள் பயறு என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். எண்ணெய்ப் போத்தலில் தேதி எழுதுவதைப் பணிப்பெண்ணே பார்த்துக்கொள்கிறாராம்.