மலைப்பாதையில் சைக்கிள்: அடி படுவது இறக்கத்தில்தான்

கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் திங்கட்கிழமைகளில் ஒரு தனி ரகம் வரும். ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், தருமபுரிப் பக்கம் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வத்தல்மலைக்கோ மேலகிரிப் பக்கமோ போய் வந்திருப்பார்கள். வளைந்த ஹேண்டில்பாரும் அகல டயரும் உள்ள கிராவல் பைக் இப்போது இங்கேயும் நிறையக் கண்ணில் படுகிறது. ஆனால் வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏறும்போது நல்லாத்தான் ஏறினேன் சார், இறங்கும்போதுதான்..."

இந்த நிலத்தின் அமைப்பு அப்படி. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி நகரம் 500 மீட்டருக்கும் கீழே. நடுவிலும் பக்கத்திலும் மேலகிரி, வத்தல்மலை, அரூர் பக்கம் சித்தேரி. ஏறுவதில் மூச்சு வாங்கும், தொடை எரியும், முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். உடம்பே நம்மை நிறுத்திவிடும். இறக்கத்தில் அப்படி நிறுத்த ஒன்றும் இல்லை. களைத்த கை, காலி வயிறு, வீடு திரும்பும் அவசரம் எல்லாம் ஒன்றாகச் சேர்வதும் அப்போதுதான்.

நம் மண்பாதைகளுக்கென்று சில குணங்கள் உண்டு. அடியில் இறுகிய செம்மண், மேலே உதிரிச் சரளை. நேராகப் போகும்வரை தெரியாது, வளைவில் முன்சக்கரம் சட்டென்று வழுக்கும். கிரானைட் குவாரிகள் இருக்கும் பக்கம் டிப்பர் லாரிகள் ஜல்லியும் கல்தூளும் சிந்திக்கொண்டே போகும். தார் ரோடு வந்துவிட்டது என்று பிரேக்கை விட்டால் அங்கே ஒரு பிடி ஜல்லி காத்திருக்கும். அறுவடை முடிந்ததும் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் வண்டிகள் ஏறி உதிர்க்கட்டும் என்று ரோட்டில் பரப்பி வைப்பார்கள். காய்ந்த கொள்ளுச் செடிக்குக் கீழே உருளும் மணிகளின் மேல் பிரேக் பிடித்தால் எந்த டயரும் நிற்காது. பரப்புகிறவர்களைத் திட்டிப் பயனில்லை, களத்துக்கு இடம் இல்லாமல்தான் அங்கே போடுகிறார்கள். தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பிரேக்கும் தொடாமல் ஹேண்டிலும் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை. கை தானாக முன்னே நீண்டு உள்ளங்கையை ஊன்றும். உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். அதனால் நான் அதிகம் பார்ப்பது மணிக்கட்டும் காறை எலும்பும்தான்.

இதில் ஒரு சின்ன எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டை விரலை நன்றாக மேலே தூக்கிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டு ஓரமாக, இரண்டு நரம்புபோல் புடைத்துத் தெரியும். (அவை நரம்பு இல்லை, தசைநாண்கள்.) அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குழி விழும். குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு என்ற முந்திரிப் பருப்பு அளவு எலும்பு. கை ஊன்றி விழுந்தபின் அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், வீக்கமே இல்லாவிட்டாலும் அது உடைந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரே வார்த்தையை நம்பி மறுவாரம் மறுபடி மலை ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் குழியைக் காட்டிச் சொல்லுங்கள். கையை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்க்கச் சொல்வார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்துதான் போகிறது. நடுவில் உடைந்தால் மறுபக்கத் துண்டுக்கு ரத்தம் நின்று, எலும்பு கூடாமலே போய்விடும் ஆபத்து உண்டு. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

விழாதவர்களும் வருகிறார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடக்கூடத் தடுமாறிக்கொண்டு. உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்தில் அல்நார் நரம்பு ஒரு குறுகிய வழியாகப் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, எடையெல்லாம் அங்கே போட்டு, கல்லின் அதிர்வும் சேர்ந்தால் அந்த நரம்பு நசுங்கும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் காரணத்தை மாற்றாவிட்டால் திரும்ப வரும். அந்தக் காரணம் பல நேரம் கையில் இல்லை, டயரில் இருக்கிறது. பஞ்சர் கடையில் "நல்லா கல்லு மாதிரி அடிங்கண்ணா" என்று சொல்லி 70 பவுண்டு காற்று ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் மண்பாதை ஓட்ட ஏறக்குறைய 35 முதல் 40 பவுண்டு போதும். டியூப்லெஸ் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். சக்கரம் கல்லை விழுங்கிக்கொண்டு போகும், மண்ணில் பிடிப்பும் கூடும். நெருஞ்சி முள் இருக்கும் ஊரில் டியூப்லெஸ் போடுவது வேறு வகையிலும் நிம்மதி.

முழங்கால் முன்பக்க வலி என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சீட்டின் உயரத்தை. நம் ஆட்கள் கால் தரையில் எட்ட வேண்டும் என்று தாழ்வாகவே வைக்கிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாகத்தான் மடங்கியிருக்க வேண்டும், 25 முதல் 35 டிகிரி. மற்றபடி ஏற்றத்தில் கனமான கியரை அழுத்தி மிதிக்காதீர்கள்.

இறங்கும்போது கை ஹேண்டிலின் கீழ்வளைவில் இருக்கட்டும், இடுப்பு சீட்டுக்குச் சற்றுப் பின்னே. வத்தல்மலையில் 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், உள்ளே போனபின் பிடிப்பதுதான் விழ வைக்கிறது. தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினாலும் பிரேக் சூடேறிப் பலம் குறையும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், பாதியில் ஒரு இடத்தில் நின்று கையை உதறிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் மலையைச் சொல்வதில்லை. கே.ஆர்.பி. அணையைச் சுற்றிய மாந்தோப்புப் பாதைகள், ராயக்கோட்டைப் பக்கம் ஏரிக்கரை வண்டிப்பாதைகள் போதும். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி என்று ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இந்தப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி 2014-லும் 2022-லும் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வருகிறது. பொதுச் சாலையை விட்டு உள்ளே திரும்ப வனத்துறை அனுமதி வேண்டும். கைபேசி வரைபடம் ஒரு பாதையைக் காட்டுகிறது என்பது அனுமதி ஆகாது. ராகி முற்றும் பருவத்தில், ஐப்பசி வாக்கில், பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இந்தக் காடுகளுக்குள் வருகின்றன. பைக் சத்தம் கேட்டால் யானை முன்னமே சுதாரித்துக்கொள்ளும், சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. வளைவு திரும்பினால் நேருக்கு நேர்தான். விடியுமுன்னும் பொழுது சாய்ந்தபின்னும் போகாதீர்கள். டீக்கடையில் நின்று "யானை நடமாட்டம் இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

விழுந்தால் 108 வரும், ஆனால் சிக்னல் இருந்து, ரோடு இருந்தால்தான். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரமே கழுதை மேல்தான் போனது என்று தேர்தல் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதனால் தனியாகப் போகாதீர்கள், வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். மண் பட்ட காயத்தைச் சுத்தமான தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். தலை இடித்த ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும்.

அப்புறம், மாவுக்கட்டு பிரித்த கையோடு "எப்போ சார் மலைக்குப் போகலாம்?" என்று கேட்பவர்களுக்கு: எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னபிறகு, உள்ளங்கையைச் சுவரில் விரித்து ஊன்றி உடம்பைச் சாய்த்துப் பாருங்கள். வலிக்காமல் எடை தாங்க வேண்டும். நின்ற சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள், கை நடுங்கக் கூடாது. இரண்டும் முடிந்தால் முதலில் சமதள ரோட்டில் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். முடியாவிட்டால் இன்னும் சில வாரம் பயிற்சிக்கு வாருங்கள்.